தயிர்ச் சட்டியும் மூளையும்

கே: ஆட்டு மூளையைத் தொட்டாலே விரல் பதிகிறது. நம் மூளையும் அப்படித்தான் என்றால், குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் பைக் ஓட்டியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே? ஆனால் என் நண்பர் ஹெல்மெட்டோடு விழுந்து, மண்டையோடு உடையாமலேயே பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். அது எப்படி?
- வாசகர், மார்த்தாண்டம்

ப: மூளையை அமுக்குவது கஷ்டம், முறுக்குவது சுலபம். விஷயமே இதுதான். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தினால் அது லேசில் சுருங்காது. ஆனால் உருவம் மாறுவதற்கு எதிர்ப்பே இல்லை. அந்த வகையில் குலசேகரம் பக்கம் காயப்போடும் ரப்பர் ஷீட்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெத்து. போதாததற்கு மண்டையோட்டுக்குள் இருக்கும் நீரில் மிதக்கிறது. சுமார் 1,400 கிராம் மூளை, அந்த நீருக்குள் 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கும். குழியில் பைக் குதிக்கும்போது தலையோடு சேர்ந்து மொத்தமாக ஏறி இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

விழுவது வேறு. சட்டி நிறைய உறைந்த தயிரை மடியில் வைத்து நாகர்கோவில்வரை பஸ்ஸில் போகலாம், உடையாது. அதே சட்டியை வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள்: சட்டி திரும்பிவிடும், தயிர் பின்தங்கும், நடுவே பிளந்து தண்ணீர் விடும். பதினொன்றாம் வகுப்பில் சறுக்குப் பெயர்ச்சி என்று படித்தோமே, அதேதான். 1943இல் ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து பார்த்து, தலை திடீரெனச் சுழல்வதுதான் பெரிய கேடு என்று சொன்னார்.

வேகமும் முக்கியம். மெல்ல இழுத்தால் நரம்பிழை நீண்டு கொடுக்கும், பழையபடி திரும்பியும் விடும். நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் இழுத்தால் விறைத்துக்கொள்கிறது, இழைக்கு உள்ளே அதைத் தாங்கி நிற்கும் நுண்குழாய்கள் (ரத்தக் குழாய்கள் அல்ல) முறிகின்றன. உங்கள் நண்பருக்கு இப்படி நடந்திருக்கலாம். இந்தக் காயம் பல நேரம் சி.டி. ஸ்கேனில்கூடத் தெரியாது. ஹெல்மெட்டின் தெர்மோகோல் நேரடி இடியை நன்றாகவே வாங்கிக்கொள்ளும், சுழற்சியை அந்த அளவுக்கு அடக்காது. அதற்காகவே உள்ளே சறுக்கும் அடுக்கு வைத்த ஹெல்மெட்டுகள் இப்போது வருகின்றன. அதெல்லாம் இல்லாவிட்டாலும் ஹெல்மெட் ஹெல்மெட்தான், நண்பரிடம் அதைக் குறை சொல்லிவிடாதீர்கள்!

கே: வறுத்தால் மட்டும் மூளை ஏன் கெட்டியாகிறது?
- வாசகி, தக்கலை

ப: சூட்டில் புரதம் உறைகிறது, முட்டை மாதிரி. சமைக்காமல் வைத்தாலும் இறந்த மூளையின் தன்மை நேரம் போகப்போக மாறும். அதனால்தான் ஆய்வகங்களில் பன்றி மூளை வந்தால் சில மணி நேரத்துக்குள் அளந்து முடிக்கப் பார்க்கிறார்கள்.