அந்தச் சீட்டை ஏன் எரித்தீர்கள்?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகப் படிப்பவள். இந்த வருடம் வகுப்பில் நான்கைந்து பேரோடு சேர்ந்து 'சம்மதம்' என்று ஒரு குழு ஆரம்பித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பையன்களும் பெண்களுமாக உட்கார்ந்து, தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், போட்டோ அனுப்பச் சொல்லி வற்புறுத்தினால் என்ன செய்வது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றெல்லாம் பேசுகிறார்களாம். ஒரு டீச்சரும் துணை. பேர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஓர் அட்டைப்பெட்டி வேறு. போன வாரம் அந்தச் சீட்டுகளை அவள் பையில் பார்த்தேன். முப்பது நாற்பது இருக்கும். நான்கைந்து படிப்பதற்குள் எனக்குக் கூசிவிட்டது. 'ட்யூஷன் சார் பக்கத்தில் உட்காரவே பயமாக இருக்கிறது, வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்' என்றுகூட ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இந்த வயதில் இதையெல்லாம் பேசினால் மனம் கெட்டுப்போகாதா? சொந்தக்காரர்கள் காதுக்குப் போனால் நாளை யார் பெண் கேட்டு வருவார்கள்? இவளை இதிலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: அந்த ட்யூஷன் சீட்டை எழுதிய பிள்ளை யார்?

உங்கள் கடிதத்தில் மகள் இருக்கிறாள், சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இன்னும் வராத மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கவலை இல்லை. பேச்சு எவ்வளவு கெட்டுக் கிடக்கிறது என்று எனக்குக் காட்டத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் என்னால் உடனே படிக்க முடியவில்லை.

எத்தனை நாள் அந்தப் பயத்தோடு அது ட்யூஷனுக்குப் போய் வந்திருக்கும்? பெற்றவளிடம் சொல்லவில்லை. நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, பெட்டியில் போட்டது. வீட்டில் சொல்ல முடியாத சேதி உங்கள் மகளிடம் வந்தது. அங்கிருந்து தற்செயலாக ஒரு பெரியவர் கைக்கும் வந்து சேர்ந்தது. நீங்கள் அதை அடுப்பில் போட்டீர்கள்.

மகளின் பையைப் பார்த்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வயதுப் பெண்ணின் பையை அம்மா பார்க்கலாம் என்று நினைக்கிறவள்தான் நானும். ஆனால் அந்தச் சீட்டுகள் உங்கள் மகளுடையவை இல்லையே! முப்பது நாற்பது பிள்ளைகள் அவளை நம்பிக் கொடுத்தவை. பக்கத்து வீட்டுக்காரி நம்பிக் கொடுத்துவிட்டுப் போன நகையை இப்படிச் செய்வீர்களா? அவள் பேசாமல் இருப்பதை வீம்பு என்று எண்ணாதீர்கள். வகுப்பில் அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் தவிக்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும், நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறவரும் சொல்ல வேண்டும். நடந்ததைத் தெரிவிக்காமல் மறைத்தால் 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமிருக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் அந்தத் தண்டனை கிடையாது. ஆகவே உங்கள் மகளை யாரும் கேட்க மாட்டார்கள். உங்களைக் கேட்பார்கள், அந்த டீச்சரைக் கேட்பார்கள். 'பயம் என்றுதானே எழுதியிருந்தது, என்ன ஏதென்று எனக்கு எப்படித் தெரியும்?' என்பீர்கள். தெரியாதுதான். விசாரிக்க ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் சொன்னால் போதும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே 19-ஆவது பிரிவில்தான் இருக்கிறது.

உங்கள் மகளின் குழுவிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இப்படிப்பட்ட சீட்டுகளை ஒரு பதினாறு வயதுப் பெண் புத்தகப் பையில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வரக்கூடாது. பெட்டியை டீச்சர் திறக்க வேண்டும், அன்றைக்கே படிக்க வேண்டும், அவசரமானதைத் தனியே எடுத்து உடனே மேலே கொண்டுபோக வேண்டும். நம் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று பெட்டி வைத்திருப்பதே இதற்காகத்தான். ஆனால் இந்தக் குறையை நீங்கள் மகளிடம் சொல்லாதீர்கள், டீச்சரிடம் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த அளவில் செய்திருக்கிறார்கள். இது பெரியவர்கள் விட்டுவைத்த வேலை.

மனம் கெட்டுப்போகுமா என்று கேட்கிறீர்கள். நம் வீடுகளில் சம்மதம் என்ற சொல் எப்போது வருகிறது, சொல்லுங்கள். பெண் பார்க்க வந்த அன்று. கூடத்தில் இருபது பேர் காத்திருக்க, 'பொண்ணுக்குச் சம்மதம்தானே?' என்று ஒருவர் கேட்பார். அவள் தலையைக் குனிந்தால் போதும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பழமொழியே வைத்திருக்கிறோம். மூன்று வயதுக் குழந்தை மாட்டேன் என்று அழ அழ, 'மாமா ஆசையாக் கூப்பிடுறார், போய் மடியில உக்காரு' என்று தள்ளிவிடுகிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை, ட்யூஷன் சார் நாற்காலியை நெருக்கிப் போடும்போது எந்த வாயால் வேண்டாம் என்று சொல்லும்? பிடிக்கவில்லை என்று அது சொன்னதை நாம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

இந்த வயதில் காதல் வேண்டாம் என்று இதே பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். இன்றும் என் எண்ணம் அதுதான். பதினெட்டுக்குக் கீழே ஒரு பெண் சரி என்றே சொன்னாலும் போக்சோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. உங்கள் மகளின் குழு காதலிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கையைப் பிடிக்காதே, போட்டோ கேட்காதே, வேண்டாம் என்றால் அதோடு விடு என்று சொல்லிக்கொடுக்கிறது. பையன்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் பேச ஓர் இடம் கிடைத்தால்தான் விஷயம் வெளியே வருகிறது. 2021 மே மாதம் சென்னையில் ஓர் ஆசிரியர் போக்சோவில் கைதானது, மாணவிகளும் பழைய மாணவிகளும் சமூக வலைதளத்தில் எழுதிய பிறகுதான். அதே ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவில் சனெல் கோன்டோஸ் என்ற இளம்பெண், பள்ளிக் காலத்தில் உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா என்று இன்ஸ்டாகிராமில் கேட்டார். ஆயிரக்கணக்கில் பதில்கள் வந்தன. அடுத்த ஆண்டு அந்த நாட்டின் கல்வி அமைச்சர்கள் கூடி, 2023 முதல் சிறு வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சம்மதம் பற்றிய பாடம் கட்டாயம் என்று முடிவு செய்தார்கள். அங்கேயும் பெரியவர்கள் பேசாததைப் பேசியது பள்ளி முடித்து வந்த பெண்கள்தான்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் இதை முழுசாக நம்புகிறவள். உங்கள் மகளும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறாள். வெளியே கொண்டுவர வேண்டியது அவளை இல்லை, அந்த ட்யூஷன் பிள்ளையை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது நீங்கள் கடிதம் எழுதி வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை இன்னும் அதே ட்யூஷனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அதனால் படித்து முடித்ததும் 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். நினைவிருக்கும் வரியை அப்படியே சொல்லுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரையும் அந்த டீச்சரையும் நேரில் பாருங்கள். எழுதியது யார், எந்த ட்யூஷன் சார் என்று நீங்களாகத் தெருவில் விசாரிக்கப் போகாதீர்கள். பேர் வெளியே வந்தால், அந்தப் பிள்ளை பயந்தபடியே படிப்பு நின்றுவிடும்.

அப்புறம் மகளிடம் போய் உட்காருங்கள். செய்தது தப்பு என்று சொல்லுங்கள். பெற்றவள் மகளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று கௌரவம் பார்க்காதீர்கள். யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு மற்றச் சீட்டுகளில் என்ன இருந்தது என்று கேளுங்கள். நீங்கள் நான்கைந்துதான் படித்தீர்கள். அவள் எல்லாவற்றையும் படித்திருப்பாள்.