வயிற்றுத் தமனி வீக்கத்துக்குள் ரத்தம் ஏன் உறைகிறது?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. கிட்னிக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில், வயிற்றுப் பெருந்தமனியில் 4.6 செ.மீ. வீக்கம் இருப்பதாகவும் அதற்குள் ரத்தம் உறைந்திருப்பதாகவும் வந்திருக்கிறது. ஓடுகிற ரத்தம் எப்படி உறையும்? கரைக்க மருந்து வேண்டாமா?

பதில்: உறைவு என்றதும் பயம் வருவது இயல்புதான். ஆனால் பெரிதான வயிற்றுத் தமனி வீக்கங்களில் பெரும்பாலானவற்றில் உறைவு இருக்கவே செய்கிறது.

ஆற்றில் பார்த்திருப்பீர்கள். குறுகலில் விறுவிறுவென வரும் தண்ணீர், அகன்ற மடுவுக்குள் நுழைந்ததும் நடுவில்தான் ஓட்டமாகப் போகும். ஓரத்தில் சுழன்று தேங்கும். வண்டலும் அங்கேதான் படியும். சுமார் 2 செ.மீ. அகலமே இருக்கவேண்டிய தமனி இப்படிப் புடைக்கும்போதும் ரத்தம் நடுவில் பாய்கிறது, சுவரோரம் முன்னும் பின்னுமாக அலைகிறது.

தேக்கத்தோடு இது முடிவதில்லை. ரத்தம் ஒரே திசையில் நன்றாக உரசிக்கொண்டு ஓடும்போது, தமனியின் உட்படலம் நைட்ரிக் ஆக்ஸைடு போன்றவற்றைச் சுரந்து, உறைவைத் தொடங்கிவைக்கும் ரத்தத் தட்டணுக்களை ஒட்டவிடாமல் காக்கிறது. உரசல் குறைந்து திசையும் மாறி மாறி வந்தால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். சுழலில் சிக்கிய தட்டணுக்கள் சுவரருகே நெடுநேரம் தங்கி, ஃபைப்ரின் என்ற புரத இழைகளோடு அடுக்கடுக்காகப் படிகின்றன.

சரி, கரைக்கலாமா? இந்த உறைவுக்காக மட்டும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுப்பது வழக்கமில்லை. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். உறைவு மெத்தைபோல் சுவரைக் காக்கும் என்று சிலர் தேற்றுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அழுத்தத்தைக் கொஞ்சம் தாங்கினாலும், அதன் அடியிலுள்ள சுவருக்கு ஆக்ஸிஜன் குறைகிறது. உறைவில் சேரும் வெள்ளணுக்களின் நொதிகள் சுவரை அரிக்கவும் செய்கின்றன.

வீக்கம் வெடிக்கும் ஆபத்தை அறியக் கவனிக்கவேண்டியது வெளி அகலம். சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கும் ஆஞ்சியோகிராமில் ரத்தம் ஓடும் பாதை மட்டுமே தெரியும் என்பதால், உறைவு நிறைந்த வீக்கம் சாதாரணத் தமனிபோலவே தோன்றலாம். அதனால் உறைவையும் சேர்த்து அளக்கும் அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. அளவையே ஒப்பிடுங்கள். ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. ஆனால், அல்லது வேகமாக வளர்ந்தால், அறுவை சிகிச்சையோ ஸ்டென்ட்டோ பேசவேண்டிய நேரம். அப்பா புகைப்பவரென்றால் இன்றே நிறுத்தட்டும். திடீரெனக் கடும் வயிற்றுவலியோ முதுகுவலியோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், முழங்காலுக்குப் பின்னாலுள்ள தமனிகளையும் ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றில் வீக்கம் உள்ள சிலருக்கு அங்கேயும் இருக்கும். அங்கே வெடிப்பு அபூர்வம். உறைவு குழாயை அடைத்தோ, துணுக்காகப் பாதத்துக்குப் போயோ காலுக்கே ஆபத்தாகிவிடும்.