பழைய பெட்டி பேசுவது லேப்டாப்புக்குக் கேட்குமா?

கேள்வி: தோட்டத்தில் வேலை, ஞாயிறானால் பாகான் டத்தோ கடலில் தூண்டில். தெரிந்த தவுக்கே (முதலாளி) ஒருவர் படகுக்குப் புது மெஷின் வாங்கிவிட்டு, பழைய கார்மின் ஜி.பி.எஸ்.ஸை எங்களிடம் கொடுத்துவிட்டார். உஞ்சாம் (மீன் கூடுவதற்காகக் கடலில் போட்டு வைப்பது) போட்ட இடங்கள் குறைந்தது முப்பது அதில் இருக்கும். பின்னால் நாலு வயர்தான், யூ.எஸ்.பி. கிடையாது. லேப்டாப்பில் சேர்க்க முடியுமா? (வாசகர், ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: முடியும். ஆனால் வயரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முப்பது இடத்தையும் கையால் எழுதி வைத்துவிடுங்கள். இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் ஞாபகத்தைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரி. அது செத்துப்போனால் உஞ்சாமும் போச்சு, தவுக்கேயின் பத்து வருஷ அலைச்சலும் போச்சு. என் கடைக்கு வந்த ஒருவரின் பெட்டியை எழுதி வைக்காமலே நான் ரீசெட் செய்து தொலைத்தேன். அதற்கு முன்பு மாதம் ஒரு தடவை மீன் கொண்டுவந்து கொடுப்பார், இப்போது கடைப்பக்கமே வருவதில்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். திரையில் 3° 59.400 என்று இருந்தால் அது 3 டிகிரி, 59.4 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால்தான் தசமக் கணக்கில் 3.99 டிகிரி வரும். இது தெரியாமல் கைப்பேசியில் 3.594 என்று போட்டால் ஏறக்குறைய 44 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள், மீன் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

சரி, வயருக்கு வருவோம். கார்மினில் பெரும்பாலும் சிவப்பு கரண்ட், கறுப்பு கிரவுண்ட், நீலம் பெட்டி பேசும் வயர், பிரவுன் பெட்டி கேட்கும் வயர். மாடலுக்கு மாடல் மாறலாம் என்பதால் கையேட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். யூ.எஸ்.பி.யிலிருந்து ஆர்.எஸ்.232-க்கு (பழைய கம்ப்யூட்டர்களின் சீரியல் போர்ட்) மாற்றும் கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதன் மறுமுனையில் ஒன்பது பின் இருக்கும். நீலம் 2-ஆம் பின்னுக்கு, பிரவுன் 3-ஆம் பின்னுக்கு, கறுப்பு 5-ஆம் பின்னுக்கு. சிவப்பை எக்காரணத்தைக் கொண்டும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், அது 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும், நடுவில் ஒரு ஃபியூஸும் வேண்டும்.

பெட்டி பேசும் மொழிக்குப் பெயர் என்.எம்.இ.ஏ. 0183. 1983-இல் வந்தது. வேகம் 4800 பாட், அதாவது நொடிக்கு 480 எழுத்து. இன்றைய கணக்கில் நத்தைதான், ஆனால் நொடிக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன்’ என்று சொல்ல அது தாராளம். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்துச் சரிபார்ப்பும் போட்டு முடியும். புட்டி மாதிரி ஒரு டெர்மினல் மென்பொருளில் காம் போர்ட்டை (கேபிளுக்கு விண்டோஸ் கொடுத்த எண்) திறந்து 4800 வைத்துப் பாருங்கள். வரி வரியாக ஓடினால் வேலை முக்கால்வாசி முடிந்தது. கிறுக்கல் வந்தால் வேகத்தைத் தப்பாக வைத்திருக்கிறீர்கள், ஒன்றுமே வரவில்லை என்றால் வயர் மாறியிருக்கலாம், இல்லாவிட்டால் பெட்டியின் மெனுவில் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் என்.எம்.இ.ஏ. தேர்வாகாமல் இருக்கும்.

இடம் காட்ட மட்டும் என்றால் நீலமும் கறுப்பும் போதும், லேப்டாப் கேட்டுக்கொண்டிருந்தால் சரி. உஞ்சாம் புள்ளிகளை மொத்தமாக எடுக்க வேண்டுமானால் லேப்டாப்பும் பேச வேண்டும், பிரவுன் வயர் அதற்குத்தான். மெனுவில் கார்மின் மோடுக்கு மாற்றி, ஜி.பி.எஸ்.பேபல் என்ற இலவச மென்பொருளால் இழுத்து ஜி.பி.எக்ஸ். கோப்பாகச் சேமியுங்கள். ஓப்பன் சி.பி.என். என்ற இன்னொரு இலவச மென்பொருள் அந்தக் கோப்பையும் திறக்கும், மோடைத் திரும்ப மாற்றினால் படகு நகர்வதையும் காட்டும்.

இதையெல்லாம் முதலில் வீட்டிலேயே கார் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். ஆனால் செம்பனை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு சிக்னல் வரவில்லை என்று எனக்கு எழுதாதீர்கள், தோட்டத்துத் திடலுக்குப் போங்கள்.

இதே வேலையை வேறு பிராண்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பேசும் வயர் ஏ, பி என்று இரண்டாக இருந்தால் ஏ-யை 2-ஆம் பின்னில் கொடுத்து, பெட்டியின் கிரவுண்டை 5-இல் கொடுங்கள். பி-யை டேப் சுற்றிச் சும்மா விடுங்கள். அதைக் கிரவுண்டோடு முறுக்கினால் சில பெட்டிகளில் உள்ளே இருக்கும் சிப் எரிந்துவிடும்.

கேள்வி: நீங்கள் சொல்கிற மாதிரி கேபிள் ஒன்றில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்தால் மவுஸ் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறது, தானாகவே கிளிக் ஆகிறது. வைரஸா? (வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: வைரஸும் இல்லை, பேயும் இல்லை. விண்டோஸ் தொடங்கும்போது போர்ட்டில் ஏதோ பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இது அந்தக் காலத்து சீரியல் மவுஸ் என்று முடிவு செய்துகொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலில் சீரியல் பால்பாயிண்ட் என்று ஒன்று முளைத்திருக்கும், அதை டிசேபிள் செய்யுங்கள். நீக்கிவிட்டால் மறுபடி வரும், டிசேபிள்தான் சரி. அதுவரை லேப்டாப் முழுதாகத் திறந்த பிறகு கேபிளைச் சொருகுங்கள்.

கேள்வி: படகில் நாங்கள் நாலு பேர். எல்லாருடைய கைப்பேசியிலும் ஜி.பி.எஸ். இடமும், மீன் பார்க்கும் மெஷினின் படமும் வைஃபையில் வர வேண்டும். கடலில் லைன் கிடைக்காதே, என்ன செய்வது? (வாசகர், பாகான் டத்தோ)

பதில்: லைனே வேண்டாம். 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன ரவுட்டர் போதும், இன்டர்நெட் இல்லாமலே படகுக்குள் வைஃபை ஓடும். லேப்டாப்பில் இருக்கும் ஓப்பன் சி.பி.என்., தனக்கு வந்ததை யூ.டி.பி. என்ற முறையில் நெட்வொர்க்கில் எல்லாருக்கும் திருப்பிச் சொல்லும். வழக்கமான போர்ட் எண் 10110, கைப்பேசிச் செயலியிலும் அதையே கொடுங்கள். ஒருவர் பேசி நாலு பேர் கேட்பதில் சிக்கலே இல்லை. வழக்கமாக மாட்டிக்கொள்கிற இடம் வேறு: இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுபிடித்ததும் கைப்பேசி சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

மீன் மெஷினின் படம் வராது. என்.எம்.இ.ஏ. 0183 வயரில் ஆழம் வரும், மெஷினில் வசதி இருந்தால் தண்ணீர் வெப்பமும் வரும், எல்லாம் எண்தான். படமும் வரும் என்று சொல்லி யாராவது கேபிள் விற்றால் வாங்காதீர்கள். இன்னொன்று, ஜி.பி.எஸ்.ஸும் மீன் மெஷினும் பேசும் வயர்களை ஒன்றாக முறுக்கி ஒரே பின்னில் கொடுக்கக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஒருவர் சொல்வதும் விளங்காது. மல்டிபிளெக்சர் (இரண்டு பேர் பேச்சையும் வரிசைப்படுத்தி ஒரே வயரில் அனுப்பும் பெட்டி) வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு யூ.எஸ்.பி. கேபிள் போடுங்கள், அது மலிவு.

கேள்வி: என் பழைய ஜி.பி.எஸ். இடத்தைச் சரியாகக் காட்டுகிறது, தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால் இருக்கிறது. தூக்கிப் போடலாமா? (வாசகர், சபாக் பெர்ணம்)

பதில்: வேண்டாம். ஜி.பி.எஸ். அனுப்பும் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய பெட்டிக்கு அது புரியாததால் கிட்டத்தட்ட 19 வருஷமும் 7 மாதமும் பின்னால் போய்விடும். இடத்துக்குப் பாதிப்பில்லை. பயணத் தடத்தைச் சேமித்தால் தேதி தப்பாகப் பதிவாகும், அவ்வளவுதான்.