உபுண்டுவில் ஜப்பானிய எழுத்து: டோக்கியோவுக்குப் புதிதாக வந்துள்ள தம்பிக்கு

தம்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள மடிக்கணினியின் அமைப்புகளில் ‘ஜப்பானிஸ்’ என்பதைச் சேர்த்த பிறகும் ஆங்கில எழுத்துகளே வருகின்றன என்றும், இதற்காக விண்டோஸுக்கு மாறிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் சேர்த்தது விசைகளின் வரிசையை மட்டுமே. தட்டிய ஒலியை ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தாக்கி, அதற்குப் பொருந்தும் கான்ஜி எனப்படும் சீனவழி எழுத்துகளைப் பட்டியலிட்டுக் காட்டுவதற்குத் தனியாக ஒரு மாற்று நிரல் வேண்டும். ஒரே உச்சரிப்புக்குப் பல கான்ஜிகள் இருப்பதால், அந்த நிரலின் அகராதி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு உங்கள் வேலை எளிதாகும்.

நான் பரிந்துரைப்பது மோஸ்க். கூகுள் தன் ஜப்பானிய உள்ளீட்டு நிரலின் மூலநிரலை 2010இல் இந்தப் பெயரில் திறந்து வெளியிட்டது. கியோத்தோ பல்கலைக்கழக மாணவர்களின் கணினிக் கழகத்தில் பிறந்த ஆந்தி என்ற பழைய நிரலும் உண்டு. ஆனால் நீண்ட வாக்கியங்களைச் சொற்களாகப் பிரிப்பதில் மோஸ்க் மேலானது என்பது என் கருத்து. இத்தகைய உள்ளீட்டு நிரல்களை இயக்கும் ஐபஸ் என்ற கட்டமைப்பு உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும். அதற்குரிய மோஸ்க் தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, ‘ஜப்பானிஸ்’ என்பதன் உள்ளே ‘மோஸ்க்’ என்று குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். கேடிஈ என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துபவராக இருந்தால் ஐபஸுக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் எஃப்சிஐடிஎக்ஸின் ஐந்தாம் பதிப்பை நிறுவுவது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் இயங்க விடாதீர்கள்.

மோஸ்க்கைத் தேர்ந்தெடுத்த பிறகும் தொடக்கத்தில் ஆங்கிலமே வரக்கூடும்; தட்டிய எழுத்தை மாற்றாமல் அப்படியே இடும் நேரடி உள்ளீட்டு நிலையில் அது தொடங்குவதே காரணம். ஜப்பானில் விற்கும் விசைப்பலகைகளில் இடது மேல் மூலையில் உள்ள ஹங்காகு–ஸெங்காகு விசை இந்த நிலையை மாற்றும். உங்கள் இந்திய மடிக்கணினியில் அந்த விசை இல்லை. ஆகவே மோஸ்க்கின் பண்புகளில் உள்ள விசை ஒதுக்கீட்டைத் திறந்து, கை எளிதில் எட்டும் வேறொரு விசைச் சேர்க்கையை அதற்கு ஒதுக்குங்கள். இதைச் சோம்பலால் தள்ளிப்போட்டால், ஒவ்வொரு மின்னஞ்சலிலும் சுட்டியைத் தேடி அலைய நேரிடும். பின்னாளில் இங்கேயே கணினி வாங்கினால், இடைவெளி விசையின் வலப்பக்கமுள்ள ஹெங்கான் விசையை ஜப்பானியத்துக்கும், இடப்பக்கமுள்ள முஹெங்கான் விசையை ஆங்கிலத்துக்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எந்த நிலையில் இருக்கிறோம் என்று திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இராது.

இனி, புதிதாக வந்த நம்மவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் விண்ணப்பப் படிவங்கள். வங்கியாயினும் கைபேசி நிறுவனமாயினும், பெயரை, அயல்மொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்தில் கேட்பார்கள்; ஒரு படிவம் கான்ஜி அளவுக்கு அகலமான முழு அகல எழுத்தை மட்டும் ஏற்கும், மற்றொன்று அதில் பாதியான அரை அகலத்தை வேண்டும், தவறானதை இட்டால் காரணம் தெளிவாகச் சொல்லாமலே திருப்பி அனுப்பிவிடும். தட்டிய சொல்லை உறுதி செய்வதற்கு முன் எஃப்7 விசையை அழுத்தினால் முழு அகலக் கதகானாவும், எஃப்8 அழுத்தினால் அரை அகலமும் கிடைக்கும். நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு: ‘என்’ (N) விசையை இருமுறை தட்டியவுடன் அது தனி மெய்யாக முடிந்துவிடுவதால், கண்ணன், அண்ணாமலை போன்ற பெயர்களில் நடுவே அதை மூன்று முறை தட்ட வேண்டும். கதகானாவில் நெடிலைக் காட்டும் கோடு, இணைப்புக்குறி (-) விசையைத் தட்டினால் வரும்.

வங்கிக் கணக்கில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, அதே எழுத்துகளை மோஸ்க்கின் அகராதிக் கருவியில் ஒரு சிறு குறுக்கத்துடன் சேர்த்து வைத்துவிடுங்கள். முகவரியையும் அவ்வாறே சேருங்கள். குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும், அதன் பிறகு அதே முகவரியை எண்ணற்ற இடங்களில் எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் கான்ஜியைத் தேடி எடுத்தால் ஏதோ ஓரிடத்தில் வேறுபாடு வந்தே தீரும்.

நீங்கள் நிரல் எழுதுபவர் என்பதால் இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஜப்பானிய நிலையில் இடைவெளி விசை முழு அகல இடைவெளியை இடும். கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலத் தெரிந்தாலும், கட்டளைச் சாளரம் அதை வேறொரு எழுத்தாகக் கொண்டு கட்டளையை ஏற்க மறுக்கும். பண்புகளில் இடைவெளியை எப்போதும் அரை அகலமாக இருக்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.

சில கான்ஜிகள் பாடநூலில் உள்ளதைவிடச் சற்று வேறு வடிவில் தெரிந்தால், அவை சீன எழுத்துருவில் காட்டப்படுகின்றன என்று பொருள். நோட்டோ எழுத்துருத் தொகுப்பை நிறுவி, அதன் ஜப்பானிய வகைக்கு முன்னுரிமை கொடுத்தால் சரியாகும். தமிழுக்கு எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் அதே ஐபஸ் பட்டியலில் வந்துவிடும்.

இவற்றைச் செய்த பிறகும் ஏதேனும் ஒரு செயலியில் மட்டும் எழுத்து வரவில்லை என்றால், செயலியின் பெயரையும் உபுண்டுவின் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.