பதின்ம வயதினரைச் சுகாதார ஆய்வில் ஈடுபடுத்த ஓவியம், புகைப்படம், நாடகமெல்லாம் உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் பிள்ளைகள் சலிக்காமல் உட்காரட்டும் என்பதற்காகச் செய்தால் உதவாது. இப்படிப்பட்ட ஆய்வுக் குழுக்களில் சில ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்தேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

தூக்கத்தைப் பற்றிய ஓர் ஆய்வு. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கேள்வித்தாளில் எல்லாக் கேள்விக்கும் 'பரவாயில்லை' என்ற கட்டத்திலேயே டிக் போட்டிருந்தான். அப்புறம், "உன் தூக்கத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு படம் எடுத்து வா" என்றோம். தலையணை ஓரமாகக் கிடக்கும் செல்போனைப் படம் எடுத்து வந்தான். பெரியவர்கள் நாங்கள் நாலு பேரும் பார்த்த உடனே முடிவு கட்டிவிட்டோம், ராத்திரி முழுக்க போனை நோண்டுகிறான் என்று. அவனிடம் கேட்டால், "அது அலாரத்துக்கு. ரெண்டு மணிக்கு எழுந்து பாட்டியைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா முதுகுல புண்ணு வந்துடும்" என்றான்.

வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்கிறாயா என்ற கேள்வியே எங்கள் தாளில் இல்லை. பிறகு சேர்த்தோம். அதற்கான வாக்கியத்தை அந்தப் பிள்ளைகளே எழுதினார்கள்.

இப்படிப் படம் எடுக்கச் சொல்லி, அதைப் பற்றிப் பேச வைக்கும் முறையின் பெயர் 'ஃபோட்டோவாய்ஸ்'. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்து உருவாக்கியது. படம் பாதிதான், எடுத்தவர் அதைப் பற்றிப் பேசுவதுதான் மீதிப் பாதி. ஓவியத்திலும் அப்படித்தான்; கறுப்பு அடித்தால் சோகம், சிவப்பு அடித்தால் கோபம் என்று நாமாகப் பொருள் சொல்ல ஆரம்பித்தால் ஆய்வு அங்கேயே கெட்டுவிடும்.

ஆள் உயரத் தாளில் உடலின் கோட்டை வரைந்து, வலி எங்கே, பயம் எங்கே என்று நிரப்பும் முறையும் உண்டு. வாய்விட்டுச் சொல்லக் கூசுவதை விரலால் காட்டிவிடலாம். ஆனால் தன்னைப் படுக்க வைத்து இன்னொருவர் கோடு இழுப்பதே சிலருக்குச் சங்கடம். அவர்களுக்கு முன்பே வரைந்த உருவத்தைக் கொடுத்துவிடுங்கள். நாடகம் என்றால், பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகிய பிறகு மட்டும்.

பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதைப் படிப்படியாகக் காட்ட, ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதிய 'பங்கேற்பு ஏணி'யில் 8 படிகள். கீழே உள்ள 3 படிகள் பங்கேற்பே அல்ல என்கிறார். அவற்றில் ஒன்றின் பெயர் 'அலங்காரம்'. ஆய்வில் எதைக் கேட்பது என்பதில் பிள்ளைகளுக்குப் பங்கே கொடுக்காமல், அவர்களின் ஓவியத்தை அறிக்கையின் அட்டையில் மட்டும் போட்டால் அது அலங்காரம்தான். எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம்.

இன்னொன்று, சம்மதம். பெற்றோர் கையெழுத்து போட்டுவிட்டார்கள், சரி. பிள்ளையையும் கேட்க வேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை, படத்தை வெளியே காட்டுவதற்கு முன் இன்னொருமுறை. அந்தப் பையன் தன் படத்தைக் கண்காட்சியில் வைக்க ஒப்புக்கொண்டான். ஓரத்தில் பாட்டியின் கட்டில் கொஞ்சம் தெரிந்தது, அதை மட்டும் வெட்டிவிடச் சொன்னான். வெட்டிவிட்டுத்தான் மாட்டினோம்.