முகமும் சேர்ந்து ஆரஞ்சாகிவிட்டதே!

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சந்தில் ஓவியர் ஒருவர் சுவரில் செண்டுமல்லி மாலை வரைந்துகொண்டிருந்தார். அவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுத்தேன். பூ மட்டும் நிறமாக இருக்கட்டும் என்று லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஆரஞ்சைத் தவிர மற்ற எல்லா நிறங்களின் சாச்சுரேஷனையும் (நிறத்தின் அடர்த்தி) -100க்கு இறக்கினேன். பூவோடு அவர் முகமும் கையும் ஆரஞ்சாக நிற்கின்றன! இதெல்லாம் பழைய ஸ்டைல் என்று தோழி வேறு சொல்கிறாள். விட்டுவிடட்டுமா?
- ஒரு வாசகி, செங்காங்

பதில்: விடாதீர்கள். மனிதத் தோல், கறுப்போ சிவப்போ மாநிறமோ, மென்பொருளின் கணக்கில் பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்பு பகுதியில்தான் விழும். செண்டுமல்லியும் அங்கேதான். அதனால் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஸ்லைடருக்குப் பூ எது, முகம் எது என்று தெரியாது. நீலமோ பச்சையோ தீட்டியிருந்தால் நீங்கள் செய்ததே போதும்.

இடத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும், அதற்குத்தான் மாஸ்க், அதாவது படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி. லைட்ரூமிலேயே பூவின் மேல் பிரஷ்ஷால் தடவி ஒரு மாஸ்க் போட்டு, அதைத் தலைகீழாகத் திருப்பி, சாச்சுரேஷனை -100 ஆக்கினால் பூவுக்கு வெளியே எல்லாம் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். போனில் என்றால் ஸ்னாப்சீட் ஆப் போதும், படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிய பிறகு பூ இருக்கும் இடத்தில் மட்டும் அந்த மாற்றத்தை விரலால் அழித்துவிடலாம். ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்துப் பொறுமையாகச் செய்யுங்கள், இதழ் ஓரத்தில் ஒரு சாம்பல் கோடு நின்றாலும் ஒட்டவைத்த மாதிரி தெரியும்.

அப்புறம், பூவோடு நிறுத்தாதீர்கள் என்பேன். டப்பாவில் இருக்கும் பெயின்ட், பிரஷ் நுனி, அவர் விரலில் ஒட்டியது, சட்டையில் தெறித்தது, இவற்றுக்கும் நிறத்தைத் திருப்பிக் கொடுங்கள், அப்போதுதான் நிறம் டப்பாவிலிருந்து கை வழியாகச் சுவருக்குப் போவது தெரியும், உழைப்பும் தெரியும். இந்த எடிட்டிங்கை நான் விரும்புவதே இதற்காகத்தான். வெறும் சிவப்புக் குடை, சிவப்பு ரோஜா என்று எல்லாரும் செய்து செய்துதான் அலுத்துப்போனது, உங்கள் தோழி சொல்வதும் அதைத்தான். சுவர் முழுக்க வண்ணம் நிரம்பிய பிறகு எடுத்த படத்துக்கு இது சரிவராது, பாதி வெறுமையாக இருக்கும்போது எடுத்ததுதான் நிற்கும்.

முகம் கறுப்பு வெள்ளையில் இருண்டு போனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றலாம். ஆனால் தயவுசெய்து வெளுக்க வைக்காதீர்கள், அவருடைய நிறத்தின் ஆழம் சாம்பலிலும் தெரிய வேண்டும்.

அடுத்த முறை ரா ஃபைலாக (கேமரா பதிந்த விவரம் அப்படியே இருக்கும் கோப்பு) எடுங்கள். கேமராவிலேயே உள்ள கறுப்பு வெள்ளை மோடில், வழக்கமான ஜேபெக் படமாக மட்டும் எடுத்தால் போன நிறம் திரும்பாது. நம்ம ஊர் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் இறங்கிக் கண்குழியை இருட்டாக்கிவிடும், காலை எட்டு, ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். ஸ்ப்ரே அடிப்பவர் என்றால் பின்பக்க வெளிச்சத்தில், நிழலான பின்னணியில் ஷட்டர் வேகத்தை 1/500 நொடி வைத்துப் பாருங்கள், பெயின்ட் தூறல் புகைபோல் பிரிந்து தெரியும்.

படத்தை வெளியிடும்போது ஓவியர் பெயரைக் கட்டாயம் போடுங்கள். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் படைத்தவருக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. வேலை முடிந்ததும் சுவரோரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயரைப் பிழையில்லாமல் எழுத உதவும்.