பக்கி கட்டும்போது வயரையும் பெட்ரோல் லைனையும் ஒரே பைப்புக்குள் விடலாமா?

விடக்கூடாது தம்பி. பக்கியில், அதாவது பைப்பால் சட்டம் கட்டிய திறந்த வண்டியில், பழைய மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து, டேங்க்கையும் பேட்டரியையும் முன்னால் வைத்து, நடுவில் ஓடும் சேஸிஸ் (அடிச்சட்டம்) பைப்புக்குள்ளேயே வயர், பெட்ரோல் லைன் இரண்டையும் மறைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதைப் படித்ததும் பயமாகிவிட்டது.

பைப்பில் துளை போட்ட இடத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வண்டி ஆட ஆட வயரின் தோல் அங்கேதான் தேயும். உள்ளிருக்கும் செம்பு சேஸிஸைத் தொட்டால் ஷார்ட். பியூஸ் இல்லாத வயர் என்றால் நொடியில் பழுத்துவிடும். பெட்ரோலோ, மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகக் கூடியது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய பைப்புக்குள் அப்படியே தங்கிவிடும். சித்திரை வெயிலில் நம்ம ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, எங்கே கொண்டுபோவது? முதலில் சைலன்சர் எந்தப் பக்கம் வருகிறது என்று முடிவு செய்யுங்கள். பெட்ரோல் அதற்கு எதிர்ப்பக்கம். வயர் பெட்ரோலை விட்டு விலகி, மேல் பைப்பை ஒட்டி வரட்டும். இரண்டும் குறுக்கே சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் வயர் மேலே, பெட்ரோல் கீழே. கசிந்தாலும் வயர்மேல் சொட்டாது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே சணல் கயிற்றைக் கட்டி முழுப் பாதையையும் பார்த்துவிடுங்கள். கிளாம்ப் பிடிக்கும் துளைகளை அப்போதே போட்டுவிடலாம்.

நீளமான தூரத்துக்கு ஸ்டீல் ட்யூப், ஒரு அடிக்கு ஒன்றாக ரப்பர் வைத்த கிளாம்ப். இன்ஜின் மவுன்டில் ஆடுவதால் அந்த முனையில் மட்டும் ஹோஸ். வளைக்கச் சுலபம் என்று ஏசி மெக்கானிக்கிடம் செம்பு ட்யூப் வாங்கிவிடாதீர்கள், அதிர்வில் இறுகி வெடிப்பு விடும். உங்கள் இன்ஜின் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) என்றால் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும். ‘ஜே30 ஆர்9’ என்று அச்சடித்த ஹோஸ்தான் வேண்டும். கார்புரேட்டர் ஹோஸ் அதற்குத் தாங்காது. இப்போது பங்க்கில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். காயலான் கடை வண்டியிலிருந்து உருவிய பழைய ஹோஸ் அதில் ஊறிக் கெட்டுப்போகும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

பேட்டரியைப் பின்னால் மாற்றுங்கள் என்பது என் கருத்து. ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளுக்கு வழக்கமாகப் பியூஸ் இருக்காது. அதை வண்டி முழுக்க இழுத்துக்கொண்டு போவானேன்? அது ஒரு முழத்தில் முடியட்டும். முன்னால் போகும் வயருக்கெல்லாம் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வந்துவிட வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது வயரை, அதனால் வயரின் தடிமனுக்கு ஏற்ற பியூஸ் போடுங்கள். 60 வாட் ஹெட்லைட் இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் ஓடும். அதைச் சுவிட்ச் வழியாக விடாமல் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் கருவி) வையுங்கள்.

இன்னொன்று. பெட்ரோல் பம்ப்புக்குச் சாவியிலிருந்து நேரடியாகக் கரண்ட் கொடுப்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் நின்றால் பம்ப்பை நிறுத்துவது இசியுவின் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) வேலை. நேரடியாகக் கொடுத்தால் வண்டி கவிழ்ந்து லைன் அறுந்த பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். டேங்க் முன்னால் உங்கள் கால் பக்கம் இருக்கிறதே, இடையில் தகடு அடைப்பு அவசியம். அதில் வயர் நுழையும் துளைக்கெல்லாம் ரப்பர் க்ரோமெட், அதாவது விளிம்பை மூடும் வளையம்.

ரோட்டில் ஓட்ட ஒப்புதல் வேண்டும், அது தனிக் கதை. அதுவரை சொந்த இடத்தில் ஓட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சீட் மாட்டாமல், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், திறந்த வெளியில் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்றோடு ஒரு ஆள் நிற்கட்டும். ஈரம் தெரிந்தால் கிளாம்பை இறுக்குவதோடு விடாமல், கழற்றி முனையைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.